டெங்கு போனது, ரத்த அழுத்தம் ஏறவில்லை: இரு அட்ரீனல் சுரப்பிகளிலும் ரத்தக்கசிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

இரவு பத்தரை மணிக்கு 108 ஆம்புலன்சில் இருந்து அவரை இறக்கினார்கள். இரண்டு வாரம் முன்பு நானே கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிய நோயாளி இவர்தான் என்று முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, உதடு வெடித்துக் கிடந்தார். நாடி நூல் மாதிரி ஓடியது, நிமிடத்துக்கு 126. ரத்த அழுத்தம் 70/40. கூட வந்த மனைவியின் கையில் எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. அதில் "நலமாக உள்ளார்" என்று எழுதியிருந்தோம்.

சேலத்தில் டெங்கு நோயாளிகளைப் பார்க்கிற இளம் மருத்துவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டெங்குவில் இருந்து மீண்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் படித்தாலும் பயன்படும். நோயாளியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் அட்மிஷன்

வயது 46. ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூர். காபித் தோட்டத்தில் கவாத்து, மிளகு பறிப்பு, நிழல் மரம் கழிப்பது என்று வருஷம் முழுக்க வேலை. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறி மிளகு பறிக்கிற உடம்பு.

டெங்கு அவருக்கு மலையில் வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சமவெளியில் போலப் பெருகுவதில்லை. ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காகக் கீழே வந்து, சேலம் நகரத்தில் இரண்டு வாரம் தங்கியிருக்கிறார். குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் தெரு. வாசலில் டிரம், குளியலறையில் தொட்டி, மொட்டை மாடியில் மூடி இல்லாத பேரல். ஊர் திரும்பிய நான்காம் நாள் காய்ச்சல். கொசு கடித்து 4 முதல் 10 நாளுக்குள் டெங்கு தலைகாட்டும் என்பதால் கணக்கு சரியாகவே வந்தது.

மூன்றாம் நாள் எடுத்த என்.எஸ்.1 பரிசோதனை (ரத்தத்தில் டெங்கு வைரசின் புரதத்தைத் தேடுவது) பாசிட்டிவ். நான்காம் நாள் எங்களிடம் சேர்ந்தார். ஐந்தாம் நாள் பிளேட்லெட் 28,000, ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 49 சதவீதம். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து வெளியேறும். அவருக்கும் அதே நடந்தது: அழுத்தம் 84/66, கை கால் சில்லிட்டது. அளந்து அளந்து சலைன் ஏற்றினோம், ஆறு மணி நேரத்தில் நிமிர்ந்தார். இதுவரை பாடப் புத்தகம் போலவே போனது.

ஏழாம் நாள் காலையில் இரண்டு விலாவுக்கும் கீழே, முதுகுப் பக்கமாகக் கடும் வலி. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வயிற்று வலி டெங்குவில் எச்சரிக்கை அறிகுறி என்பதால் அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். பித்தப்பைச் சுவர் தடித்திருந்தது, வயிற்றில் கொஞ்சம் நீர். இரண்டும் டெங்குவில் வழக்கமாகப் பார்ப்பவை, அதனால் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். பாராசிட்டமால் கொடுத்தோம், ஒன்றரை நாளில் வலி அடங்கியது.

இன்று அந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினால் ஒரு வரி கண்ணில் குத்துகிறது. இரண்டு நாளில் ஹீமோகுளோபின் 15.8-இல் இருந்து 12.3-க்கு இறங்கியிருக்கிறது. கசிந்த நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரும்போது கொஞ்சம் நீர்த்துப்போவது இயல்பு. ஆனால் மூன்றரை கிராம் என்பது கொஞ்சம் இல்லை. மலம் கருப்பாகப் போகவில்லை, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வரவில்லை. அப்படியானால் ரத்தம் உள்ளே எங்கே போனது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அன்று பிளேட்லெட் 14,000. வார்டில் எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான் இருந்தது. உறவினர்கள் பப்பாளி இலைச் சாற்றோடு வந்து "எவ்வளவு ஏறியிருக்கு சார்?" என்று கேட்பார்கள். நாங்களும் ரவுண்ட்ஸில் அதையேதான் முதலில் கேட்டோம்.

பத்தாம் நாள் பிளேட்லெட் 96,000. வீட்டுக்கு அனுப்பினோம். அன்றைக்கு ரத்த அழுத்தம் 96/60, சோடியம் 131, பொட்டாசியம் 4.9. டெங்குவில் சோடியம் குறைவது சகஜம், அசதியில் அழுத்தம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் எங்களிடம் இருந்தது.

ஊறுகாய் ஜாடி

இரண்டாம் முறை வந்தபோது காய்ச்சல் தொடங்கி 24 நாள் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போனதில் இருந்தே தேறவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். மிளகு பறிக்க மரம் ஏறுகிறவரால் வீட்டு வாசலின் மூன்று படியை ஏற முடியவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டல், கடைசி நான்கு நாள் ஓயாத வாந்தி. டெங்கு வந்தால் ஒரு மாதம் அசதி இருக்கத்தான் செய்யும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லவே, பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விரல் நுனியில் பார்த்த சர்க்கரை 52. பிளேட்லெட் 2.6 லட்சம், ஆக டெங்கு விட்டுப் போய்விட்டது. சோடியம் 118. பொட்டாசியம் 6.1, ஈ.சி.ஜி.யில் டி அலைகள் கூம்பு போல நின்றன. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9. ரத்தத் தொற்று என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் போட்டோம், இரண்டு லிட்டர் சலைன் ஏற்றினோம். அழுத்தம் 78/44-க்கு மேல் வரவில்லை. அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரீனலின் சொட்டு தொடங்கினோம், அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

வழியைத் திறந்துவிட்டது எங்கள் முதுநிலை மாணவி. அவர் நோயாளியின் மனைவியை ஓரமாக உட்கார வைத்து, "கடைசியா என்னம்மா சாப்பிட்டார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சோறு எறங்கவே இல்லீங்க மேடம். எலுமிச்சங்கா ஊறுகா ஜாடியில அடியில நிக்கிற உப்புத் தண்ணிய மோந்து மோந்து குடிச்சாருங்க. ராத்திரி எந்திரிச்சுக் கல்லுப்ப எடுத்து வாயில போட்டுக்குவாரு. ஏன்னு கேட்டா கோவம் வருதுங்க."

மாணவி எழுந்து வந்து ரத்தப் பரிசோதனை சீட்டை மறுபடி எடுத்தார். சோடியம் கீழே, பொட்டாசியம் மேலே, சர்க்கரை கீழே. அதோடு நான் கவனிக்காமல் விட்ட ஒன்றையும் காட்டினார்: ஈசினோஃபில் என்ற வெள்ளையணு 9 சதவீதம். இவ்வளவு கடுமையான உடல் நெருக்கடியில் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால் வெள்ளமாகச் சுரந்து ஈசினோஃபிலை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். சாகக் கிடக்கிற மனிதருக்கு அது 9 என்றால் கார்ட்டிசால் சுரக்கவே இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். "சார், அட்ரீனலா இருக்குமோ?" என்றார்.

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பி அது. ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான். அதன் புறணியில் சுரக்கிற ஆல்டோஸ்டிரோன் சிறுநீரில் உப்பு வீணாகாமல் பிடித்து வைக்கிறது, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. கார்ட்டிசால் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. ரத்தக் குழாய்கள் அட்ரீனலினுக்குச் செவிசாய்க்க வேண்டுமானாலும் கார்ட்டிசால் வேண்டும். எங்கள் நார்அட்ரீனலின் ஏன் எடுபடவில்லை என்பதும், அவர் ஏன் கல்லுப்பைத் தேடினார் என்பதும் சேர்ந்தே விளங்கின. சோறு இறங்காத வாய் உப்பை மட்டும் கேட்டது.

உள்ளங்கை ரேகை, ஈறு, முழங்காலில் பழைய தழும்பு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். 1855-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் விவரித்த நோயாளிகளிடம் தோல் கருத்திருந்தது. அட்ரீனல் மெல்ல மெல்ல அழியும்போது மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலை முடுக்கிவிடும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை மாதக்கணக்கில் கொட்டுவதால் வருகிற கருமை அது. வெயிலில் வேலை செய்கிறவரின் முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, வெயில் படாத இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இவருக்கு ரேகையும் ஈறும் சுத்தமாக இருந்தன. பல மாதமாக அட்ரீனலை அரித்துவந்த காசநோயாக இது இருக்காது, சில வாரத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்ற நினைப்பு அங்கேதான் வந்தது.

அன்றைய இரவு

கார்ட்டிசால், ஏ.சி.டி.எச். இரண்டுக்கும் ரத்தம் எடுத்தோம். ஏ.சி.டி.எச். சூட்டில் சிதைந்துவிடும் என்பதால் ரத்த வங்கியில் ஐஸ் வாங்கி, குழாயை அதில் புதைத்து அனுப்பினோம். முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருக்கக் கூடாது. அட்ரீனல் நெருக்கடி என்று சந்தேகம் வந்த நிமிடமே மருந்தைப் போட்டுவிட வேண்டும். சந்தேகம் தவறாக இருந்தாலும் ஒரு டோஸ் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலின் மருந்து வடிவம்) பெரிதாக எதுவும் கெடுத்துவிடாது. சந்தேகம் சரியாக இருந்து மருந்து போடாமல் விட்டால் ஆள் விடியும்வரை தாங்கமாட்டார்.

நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில் 100 மில்லிகிராம் நரம்பு வழியாகப் போனது. பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், இதயத்தைக் காக்க கால்சியம் குளுக்கோனேட். பொட்டாசியத்தை இறக்க இன்சுலின் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை, சர்க்கரை 52-இல் இருக்கிறவருக்கு அது ஆபத்து. சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோனுமே பொட்டாசியத்தை இறக்கிவிடும் என்று நம்பினோம், இறக்கியது. இரண்டு மணிக்கு அழுத்தம் 104/66. விடியற்காலையில் நார்அட்ரீனலினை நிறுத்திவிட்டோம். ஆறரை மணிக்குக் கண்ணைத் திறந்து மனைவியிடம் கஞ்சி கேட்டார்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் அதில் விழுகிறார்கள். கார்ட்டிசால் இல்லாதபோது உடம்பு தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். ஹைட்ரோகார்ட்டிசோன் போனதும் மடை திறந்த மாதிரி சிறுநீர் பிரியும், சோடியம் விறுவிறுவென்று ஏறும். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டின் நரம்பு உறை சிதைந்து, பேச்சும் கைகாலும் போய்விடலாம். உயிரைக் காப்பாற்றிவிட்டு மனிதரை முடக்கிப் போடுவது போல ஆகிவிடும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தோம்: 118, 120, 124. எட்டு மணி நேரத்தில் ஆறு ஏறிவிட்டது, சிறுநீர் மணிக்கு 400 மில்லி. சலைனை நிறுத்தி 5 சதவீத டெக்ஸ்ட்ரோசுக்கு மாற்றினோம். முதல் நாள் முடிவில் 126-இல் நின்றது. கொஞ்சம் அசந்திருந்தால் 130-ஐத் தாண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அத்தனை நெருக்கடியிலும் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 1.4 மைக்ரோகிராம். ஏ.சி.டி.எச். 412, இயல்பைப் போலப் பல மடங்கு. கோளாறு அட்ரீனலில்தான், பிட்யூட்டரி தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. சி.டி. ஸ்கேனில் வலது சுரப்பி 3.4 சென்டிமீட்டர், இடது 3.1, இரண்டும் உருண்டு திரண்டிருந்தன. சாயம் செலுத்தியும் உள்ளே ஏறவில்லை, பழைய ரத்தக் கட்டி மாதிரி இருந்தது. இரண்டு விலாவிலும் ஏழாம் நாள் வந்த வலியும், காணாமல் போன மூன்றரை கிராம் ஹீமோகுளோபினும் இங்கேதான் வந்து சேர்ந்தன.

நம் ஊரில் இரண்டு அட்ரீனலும் வீங்கியிருந்தால் காசநோயை மறக்கக் கூடாது. ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை, நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா, வேறெங்கோ இருந்து பரவிய புற்றுநோய் எல்லாமே பட்டியலில் வரும். மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., பூஞ்சைக்கான பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. கோவிட் நெகட்டிவ். ரத்தம் உறையவைக்கும் ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருளை அப்போது ஒருமுறையும் 12 வாரம் கழித்து ஒருமுறையும் பார்த்தோம், இரண்டு தடவையும் இல்லை. அண்மையில் டெங்கு வந்ததைக் காட்டும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பாசிட்டிவ். ஊசி குத்தித் திசு எடுக்கலாமா என்று பேச்சு வந்தது, வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் கதையிலேயே இருந்தது. இது ரத்தமாக இருந்தால் தானாகச் சுருங்க வேண்டும். மூன்றாம் மாத ஸ்கேனில் பாதியானது, ஆறாம் மாதம் இரண்டும் மெல்லிய கீற்றாகிவிட்டன.

ஏன் இந்தச் சுரப்பி

இவ்வளவு சிறிய உறுப்புக்கு மூன்று தமனிகள் வருகின்றன. அவை ஐம்பது அறுபது சிறு கிளைகளாகப் பிரிந்து சுரப்பியைச் சுற்றி வளைக்கின்றன. ஆனால் ரத்தம் வெளியேற ஒரே ஒரு மையச் சிரைதான். ஐம்பது வாய்க்காலில் தண்ணீர் வந்து ஒற்றை மதகில் வடிகிற ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடும் நோயில் ஏ.சி.டி.எச். ஏறும்போது வரத்து பல மடங்காகும். அதே சமயம் அட்ரீனலின் ஹார்மோன் அந்த ஒற்றை மதகைச் சுருக்கும், அங்கே உறைவு ஏற்படவும் வழி செய்யும். உள்ளே அழுத்தம் கூடி மெல்லிய குழாய்கள் உடையும். டெங்குவில் இதோடு பிளேட்லெட் சரிவும் குழாய்ச் சுவர்க் கசிவும் சேர்ந்துகொள்கின்றன. எங்கள் நோயாளிக்கு ஆறாம் நாள் அழுத்தம் விழுந்து எழுந்ததும், ஏழாம் நாள் விலா வலி வந்ததும் இந்த வரிசைக்குப் பொருந்துகின்றன. சுரப்பியில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தால்தான் இந்த அளவுக்கு அறிகுறி வரும்.

தொற்றில் அட்ரீனல் வெடிப்பது புதிதாகக் கண்ட விஷயம் இல்லை. வாட்டர்ஹவுஸ் என்ற மருத்துவர் 1911-இலும் ஃப்ரிடெரிக்சன் என்ற மருத்துவர் 1918-இலும் எழுதியதால் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. அது பெரும்பாலும் மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. வைரசால் வருவது அரிது, டெங்குவில் இன்னும் அரிது. அதனால்தான் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எச்.ஐ.வி. முற்றியவர்களிடம் சைட்டோமெகலோ வைரஸ் சுரப்பியை நேரடியாகத் தாக்கும். கோவிட் வைரஸ் பற்றிக்கொள்கிற ஏ.சி.இ.2 ஏற்பி அட்ரீனலிலும் உண்டு, கோவிட் நோயாளிகளிடம் அங்கே உறைவும் ரத்தக்கசிவும் பதிவாகியிருக்கின்றன.

கோவிட் காலத்தில் வேறு ஒரு வகையையும் நிறையப் பார்த்தோம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தியவர்கள். அவர்களுடைய அட்ரீனல் சேதமாகவில்லை, பிட்யூட்டரி தூங்கிவிட்டது. ஆல்டோஸ்டிரோன் அப்படியே இருப்பதால் பொட்டாசியம் ஏறாது, உப்பு ஆசையும் வராது. அவர்களுக்குப் பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். எங்கள் நோயாளிக்கு ஆறாம் மாதம் ஏ.சி.டி.எச். ஊசி போட்டுப் பார்த்தோம்: கார்ட்டிசால் 2.1-இல் இருந்து 2.6. திரும்பி வராது என்று அன்று முடிவானது.

மலைமேல் ஒரு ஊசி

ஹைட்ரோகார்ட்டிசோன் எழுந்ததும் 10 மில்லிகிராம், மதியம் 5, சாயங்காலம் 5. ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் தினம் 100 மைக்ரோகிராம். ஆயுள் முழுக்க. முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை. "ஸ்டீராய்டுன்னா கிட்னி போயிரும்னு சொல்றாங்களே சார்?" என்றார். உடம்பு தானாகச் செய்துகொண்டிருந்த பொருளைத்தான் அதே அளவுக்கு வெளியில் இருந்து கொடுக்கிறோம், கூடுதலாக ஒரு துளி இல்லை என்று மூன்று தடவை உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. மாத்திரைச் சீட்டை விட இந்தப் பேச்சுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அடிசன் நோயாளிகளுக்கு அட்ரீனல் நெருக்கடி வருவது பெரும்பாலும் மருந்து தவறிய நாளிலோ, காய்ச்சல் வாந்தி வந்து அளவைக் கூட்டாத நாளிலோதான்.

காய்ச்சல் வந்தால் இரண்டு மூன்று மடங்கு மாத்திரை. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் தொடையில் 100 மில்லிகிராம் ஊசி, பிறகு மருத்துவமனை. கீழே இருக்கிறவருக்கு இது சுலபம். அவர் ஊரில் இருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். மழைக்காலத்தில் பாறை உருண்டு பாதை அடைபட்டால் அதுவும் இல்லை. ஆகவே ஊசி வீட்டிலேயே இருக்க வேண்டும். நல்லவேளையாக அந்தப் பொடி மருந்துக் குப்பிக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை.

மனைவிக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வார்டு சிஸ்டர். அவர்கள் தோட்டத்தில் இருந்தே கொண்டுவந்த கமலா ஆரஞ்சில் பழக்கினார். குப்பியைக் குலுக்கிக் கரைப்பது, காற்றுக் குமிழை வெளியேற்றுவது, ஊசியை நேராக இறக்குவது. முதல் பழத்தில் கை நடுங்கி ஊசி வளைந்தது. ஐந்தாவது பழத்துக்குள் கை நின்றது. தமிழில் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தோம்: "எனக்கு அட்ரீனல் சுரப்பி இல்லை. வாந்தி, மயக்கம், விபத்து, அறுவை சிகிச்சை எதுவானாலும் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் போடவும்." பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

எங்கள் வார்டில் டெங்கு டிஸ்சார்ஜ் இப்போது கொஞ்சம் தாமதமாகிறது. சோடியம் குறைந்திருந்தாலோ அழுத்தம் 100-ஐத் தொடாவிட்டாலோ படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தம் பார்க்கிறோம், நின்றதும் அழுத்தம் விழுந்தால் காலை எட்டு மணிக் கார்ட்டிசால் எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். விலா வலியும் ஹீமோகுளோபின் சரிவும் ஒன்றாக வந்தால் ரேடியாலஜி நண்பரிடம் அட்ரீனலைக் குறிப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

அடுத்த ஐப்பசியில் அவருக்கு மறுபடி காய்ச்சல், இந்த முறை டெங்கு இல்லை. மாத்திரையை இரட்டிப்பாக்கியிருக்கிறார், இரவில் அத்தனையும் வாந்தியில் போய்விட்டது. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருந்தது. மறுநாள் முற்பகல் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தார்கள். அவர் தானே நடந்து வார்டுக்குள் வந்தார். அழுத்தம் 112/74, சோடியம் 134. மனைவியின் மஞ்சப்பையில் காலிக் குப்பியும் சிரிஞ்சும் இருந்தன. அவற்றோடு தினசரி காலண்டரில் இருந்து கிழித்த ஒரு தாள், அதன் பின்பக்கம் ஊசி போட்ட நேரத்தைப் பென்சிலில் எழுதியிருந்தார்: காலை 4.20.